டிபேக்கியின் போர் மேசையில் நடந்தது

அறுவை மருத்துவ மேற்படிப்பு படிக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது: "மைக்கேல் டிபேக்கி இரண்டாம் உலகப் போரில் எந்த முனையில் ஆபரேஷன் செய்தார்? அங்கே பழகிய கைதான் பிறகு, இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனி வரைக்கும் போனது என்கிறார்களே, உண்மையா? ஆனால் அதே போரில், 'தமனி அறுந்தால் கட்டிவிடு, தைத்துக்கொண்டிருக்காதே' என்று அவரே எழுதியதாகவும் வகுப்பில் சொன்னார்கள். அப்படி எழுதியவர் எப்படி ரத்தநாள அறுவைக்கு முன்னோடி ஆனார்?"

முதல் பாதிக்கு விடை சுருக்கமானது. அவர் எந்த முனையிலும் கூடாரத்துக்குள் நின்று கத்தி பிடித்தவர் அல்ல. அவருடைய போர் வாஷிங்டனில், அமெரிக்க ராணுவத் தலைமை மருத்துவரின் அலுவலகத்தில், ஒரு மேசைக்குப் பின்னால் நடந்தது. எதிரே குவிந்தவை காயங்கள் அல்ல, காயங்களைப் பற்றிய காகிதங்கள். நான் முப்பது வருடம் ரத்தநாளங்களைத் தைத்துவிட்டு ஓய்வு பெற்றவன். என்னைக் கேட்டால், அந்தக் காகிதங்கள்தான் அவரை உருவாக்கின. உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கும் அங்கேயே விடை இருக்கிறது. ஆனால் அதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

ஆளைத் தெரிந்துகொள்வோம். 1908 செப்டம்பர் 7-ல், அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் லேக் சார்லஸ் என்ற ஊரில் பிறந்தவர். பெற்றோர் லெபனானிலிருந்து குடியேறிய கிறிஸ்தவர்கள். வீட்டுப் பெயர் தபாகி. அப்பாவுக்கு மருந்துக்கடை. அம்மா நன்றாகத் தைப்பவர். மூத்த பையன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே தையல் கற்றுக்கொண்டான். இதைக் கடைசியில் இனிப்பு தடவுவதற்காகச் சொல்லும் கதை என்று நான் நினைத்ததுண்டு. அப்படியில்லை, டாக்ரான் என்ற செயற்கைத் துணியின் கதைக்கு வரும்போது தெரியும்.

நியூ ஆர்லியன்ஸில் டுலேன் பல்கலைக்கழகத்தில் படித்து 1932-ல் பட்டம் வாங்கினார். மாணவனாக இருக்கும்போதே ஓர் ஆய்வுக்காகப் பம்ப் ஒன்று தேவைப்பட்டது. மருத்துவ நூல்களில் கிடைக்கவில்லை. பொறியியல் நூலகத்துக்குப் போய்ப் பழைய பம்புகளைப் பற்றித் தேடி, ரப்பர் குழாயை உருளைகள் அழுத்திக்கொண்டே சுற்றும் ஒரு வடிவத்தைப் பிடித்தார். அதை ரத்தம் ஏற்றுவதற்கு ஏற்றபடி திருத்தினார். இருபது வருடம் கழித்து, 1953 மே மாதம், ஜான் கிப்பன் முதன்முதலாக இதய-நுரையீரல் இயந்திரத்தை வைத்து ஒரு பெண்ணின் இதயத்தை வெற்றிகரமாகச் சரிசெய்தபோது, அதற்குள் சுற்றிக்கொண்டிருந்தது அந்த உருளைப் பம்ப்தான். இன்றும் பைபாஸ் தியேட்டர்களில் அதன் வாரிசுகள் சுற்றுகின்றன. இதில் நான் கவனிப்பது பம்பை அல்ல. சந்தேகம் வந்தால் நூலகத்துக்குப் போகிற ஆள் அவர் என்பதை.

அவருடைய குரு ஆல்டன் ஆக்ஸ்னர். அவருக்கும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் உண்டு. 1919-ல், மாணவனாக இருந்த ஆக்ஸ்னரையும் வகுப்பையும் பேராசிரியர் கூப்பிட்டு ஒரு பிணப் பரிசோதனையைக் காட்டினாராம்: நுரையீரல் புற்றுநோய், இனி வாழ்நாளில் பார்க்கக் கிடைக்காது என்று. சொன்னபடியே பதினேழு வருடம் ஒன்றுகூட வரவில்லை. 1936-ல் ஆறு மாதத்துக்குள் ஒன்பது பேர் வந்தார்கள். எல்லோரும் சிகரெட் பிடிப்பவர்கள். எல்லோரும் முதல் உலகப் போர்க் காலத்தில் பழகியவர்கள். 1939-ல் குருவும் சீடரும் சேர்ந்து, இந்த நோய்க்கும் புகைக்கும் தொடர்பு இருக்கிறது என்று எழுதினார்கள். அன்று டாக்டர்களே கையில் சிகரெட்டோடு ரவுண்ட்ஸ் போன காலம், யார் நம்புவார்கள்? இடையில் ஸ்ட்ராஸ்பர்கில் ரெனே லெரிஷிடமும் ஹைடல்பர்கில் மார்ட்டின் கிர்ஷ்னரிடமும் டிபேக்கி பயிற்சி பெற்று வந்திருந்தார்.

இனி போர். 1942-ல் தானாக முன்வந்து சேர்ந்தார். அறுவை ஆலோசகர் பிரிவில் வேலை; தலைவர் ஃபிரெட் ரேங்கின். போர் முடியும் நேரத்தில் டிபேக்கி கர்னல். அந்தப் பிரிவுக்கே இயக்குநர். அங்கே என்ன வேலை? எந்த முனைக்கு எந்த வகை அறுவை மருத்துவர் தேவை, எந்தக் காயத்துக்கு எந்தச் சிகிச்சை பலன் தருகிறது, எவ்வளவு நேரத்துக்குள் கொண்டுவந்தால் பிழைக்கிறான் என்பதையெல்லாம் அறிக்கைகளிலிருந்து பிரித்தெடுத்து உத்தரவாக மாற்றுவது. காயம்பட்டவன் பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் வரட்டும் என்று காத்திருக்காமல், அறுவைக் குழுவையே முன்னால் அனுப்பிவைக்கும் முறைக்கு அந்த அலுவலகம் வலுவாக வாதாடியது. அந்த நடமாடும் குழுக்களின் வழியில் வந்ததுதான் கொரியப் போரில் பெயர்பெற்ற 'மாஷ்' என்ற நடமாடும் ராணுவ அறுவை மருத்துவமனை. மாஷை டிபேக்கி கண்டுபிடித்தார் என்று சிலர் ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். அது கொஞ்சம் அதிகம். பலர் சேர்ந்து இழுத்த தேர். வடம் பிடித்தவர்களில் அவர் முக்கியமானவர்.

இப்போது வகுப்பில் சொன்ன விஷயத்துக்கு வருவோம். 1946-ல் டிபேக்கியும் ஃபியோரிண்டோ சிமியோனும் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார்கள். அமெரிக்கப் படையினருக்கு ஏற்பட்ட தமனிக் காயங்கள், மொத்தம் 2,471. அதில் பாதிக்கும் மேல், 1,639 பேருக்குத் தமனியை நூலால் இறுக்கிக் கட்டிப்போட்டிருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 49 சதவீதம் பேருக்குக் கையையோ காலையோ எடுக்க வேண்டியதாயிற்று. நேராகத் தைத்துச் சரிசெய்யப் பார்த்தது வெறும் 81 பேருக்கு, அவர்களில் 35.8 சதவீதம் பேர் உறுப்பை இழந்தார்கள்.

எண்களை மட்டும் பார்ப்பவர் இரண்டு விதமாகத் தடுமாறுவார். ஒருவர், "தைத்தால் நல்லதுதானே, 49 எங்கே 36 எங்கே" என்பார். இன்னொருவர், "2,471-ல் 81 பேருக்குத்தான் தைத்தார்கள், ஆகவே கட்டுவதே சரி" என்பார். உங்கள் வகுப்பில் சொன்னவர் இரண்டாம் கட்சி. இரண்டு பேருமே கட்டுரையைப் படிக்கவில்லை.

அந்த 81 பேர் யார்? சீக்கிரம் வந்து சேர்ந்தவர்கள், காயம் சிறியது, தமனியின் சுவரில் ஒரு கிழிசல் மட்டும், சதை அதிகம் சிதையவில்லை. தைக்க முடிகிற காயத்தைத்தான் தைத்தார்கள். தமனி ஓர் அங்குலத்துக்குக் காணாமல் போய், சுற்றியுள்ள தசை கூழாகிக் கிடந்தவனைத் தைக்க யாரும் முயலவில்லை. அவன் கட்டிய கணக்கில் போய்ச் சேர்ந்தான். தேறுகிற பையன்களை மட்டும் பரீட்சைக்கு அனுப்பிவிட்டுப் பள்ளியின் தேர்ச்சி விகிதத்தைப் பீற்றிக்கொள்வது போன்றதுதான் இந்த ஒப்பீடு. எங்கள் எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள் என்று அவர்களே எழுதிய கட்டுரை அது. கட்டிப்போடுவது விரும்பித் தேர்ந்தெடுக்கும் சிகிச்சை இல்லை, வேறு வழியில்லாமல், ரத்தத்தை நிறுத்துவதற்காகச் செய்வது என்பதும் அதில் தெளிவாக இருக்கிறது.

வேறு வழி ஏன் இல்லை? நேரம். அடிபட்டவன் சர்ஜன் கைக்கு வந்து சேரச் சராசரியாகப் பத்து மணி நேரத்துக்கும் மேல் ஆகியிருந்தது. ரத்தம் பாயாத தசை ஆறு மணி நேரத்துக்கு மேல் தாங்குவது கடினம் என்பது வார்டில் ஒரு மாதம் இருந்தவருக்கும் தெரியும். பத்து மணி நேரம் கழித்துத் தைத்தால், குழாய் திறந்திருக்கும், கால் செத்திருக்கும். ரத்தம் திரும்பப் பாயும்போது செத்த தசையின் நஞ்சு உடம்பெங்கும் போகும். தசை அழுகல் வேறு. உலோகக் குழாய்க்குள் சிரையை நுழைத்து இடைவெளியை நிரப்பும் பிளேக்மோர் முறையையும் சிலர் முயன்றார்கள். சொல்லிக்கொள்ளும் பலன் இல்லை.

அந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்தது, எந்தத் தமனி என்று பிரித்துக் கொடுத்திருக்கும் அட்டவணை. மேல்கைத் தமனி அறுந்தவர்களில் 26.5 சதவீதம் பேர் கையை இழந்தார்கள். முழங்காலுக்குப் பின்னால் ஓடும் பாப்லிடியல் தமனி என்றால் 72.5 சதவீதம். கையில் பெரிய குழாய் அடைபட்டாலும் பக்கத்துக் கிளைகள் சுற்றிப் போய் நீர் பாய்ச்சிவிடும். கால்வாய் உடைந்தாலும் வரப்போரமாகக் கசிந்து வயலுக்குத் தண்ணீர் வந்து சேர்வதைப்போல. முழங்காலில் அந்தக் கிளைகள் மெல்லியவை. மூட்டு நசுங்கினால் அவையும் சேர்ந்து போய்விடும். பைக் விபத்தில் முழங்கால் மூட்டு நழுவி வருகிறவரின் பாதத்தில் நாடி பார்க்காமல் வெறும் எக்ஸ்ரேக்கு அனுப்பிய ஜூனியர்களை நான் திட்டியபோதெல்லாம் என் மனதில் இருந்தது அந்த 72.5-தான். முழுக்க வேறு காலத்து எண். ஆனால் உடற்கூறு மாறவில்லையே.

இந்தக் கட்டுரை என்ன சாதித்தது? சிக்கல் ஊசியிலும் நூலிலும் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது என்று காட்டியது. அடுத்த போரில் அதைச் சோதித்துப் பார்க்க வாய்ப்பு வந்தது. கொரியாவில் ஹெலிகாப்டர் வந்தது, மருத்துவமனை முனைக்கு அருகே வந்தது, ரத்தமும் ஆன்டிபயாட்டிக்கும் தாராளமாகக் கிடைத்தன. அப்போதும் முதலில் 'கட்டு' என்ற பழைய விதியே நடப்பில் இருந்தது. ஃபிராங்க் ஸ்பென்சர் போன்ற இளம் சர்ஜன்கள் அதை மீறித்தான் தைத்தார்கள். பிறகு கார்ல் ஹியூஸ் தொகுத்த கணக்கில் 304 பெரிய தமனிக் காயங்கள். 269 பேருக்குத் தமனியைச் சரிசெய்தார்கள். உறுப்பை இழந்தவர்கள் 13 சதவீதம். வியட்நாமில் நார்மன் ரிச் ஆயிரம் காயங்களைப் பதிவேட்டில் ஏற்றி எண்ணினார்: 13.5 சதவீதம். காயங்கள் அங்கே இன்னும் கொடூரமானவை. அப்படியும் எண் ஏறவில்லை. ஒப்பிட ஒரு பழைய எண் இருந்ததால்தான் இவற்றுக்கு அர்த்தம். அந்தப் பழைய எண்ணை உட்கார்ந்து எண்ணியவர் டிபேக்கி.

போர் முடிந்ததும் எல்லோரும் மூட்டை கட்டினார்கள். இவர் சில மாதம் தங்கினார். இத்தனை லட்சம் பேருடைய மருத்துவப் பதிவுகள் ராணுவத்திடம் இருக்கின்றன, அவர்களைத் தொடர்ந்து கவனித்தால் எந்தச் சிகிச்சை பத்து, இருபது வருடம் கழித்து என்ன ஆகிறது என்று தெரியுமே என்று மேலிடத்துக்கு எழுதினார். 1946-லேயே அதற்கென்று தேசிய ஆராய்ச்சிக் குழுமத்தின் கீழ் ஓர் அமைப்பு உருவானது. இதைப் படிக்கும்போது எனக்கு வயிறு எரியும். நான் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில், பன்னிரண்டு வருட ரத்தநாளக் காயங்களின் கேஸ் ஷீட்டுகளை ஒரு பி.ஜி.யின் ஆய்வுக்காகக் கேட்டோம். கதவைத் திறந்து காட்டினார்கள். கறையான் புற்று. கீழ் அடுக்கில் கயிறு மட்டும் மிச்சம்.

அந்த அலுவலக நாட்களின் இன்னொரு பலன்தான் உங்களுக்கும் எனக்கும் தினசரி உதவுவது. போர்க்காலத்தில் வாஷிங்டனில் அவர் ஓடிப் போய் உட்கார்ந்த இடம் ராணுவ மருத்துவ நூலகம். உலகத்தில் மிகப் பெரிய மருத்துவ நூல் தொகுப்புகளில் ஒன்று, பழங்கட்டடத்தில் இடமில்லாமல் நெருக்கிக்கொண்டு கிடந்தது. பிறகு அரசு நிர்வாகத்தைச் சீரமைக்க அமைந்த ஹூவர் குழுவின் மருத்துவப் பிரிவில் இடம் கிடைத்தபோது, இது ராணுவத்தின் சொத்தாக இருக்கக் கூடாது, நாட்டின் நூலகமாக வேண்டும் என்று விடாமல் வாதாடினார். 1956-ல் செனட்டர்கள் லிஸ்டர் ஹில்லும் ஜான் எஃப். கென்னடியும் கொண்டுவந்த சட்டத்தால் தேசிய மருத்துவ நூலகம் பிறந்தது. மருத்துவக் கட்டுரைகளைத் தேட உதவும் மெட்லைனும் பப்மெடும் அந்த நூலகத்தின் பிள்ளைகள். ராத்திரி இரண்டு மணிக்கு டியூட்டி அறையில் போனில் நீங்கள் தேடுகிறீர்களே, அதன் வேர் இங்கே.

பேராசிரியர் வாழ்க்கையைப் பற்றிப் பலரும் எழுதியிருப்பதால் நான் வேகமாகப் போகிறேன். 1948-ல் ஹூஸ்டனில் பேய்லர் மருத்துவக் கல்லூரியின் அறுவைத் துறைத் தலைவரானார். கல்லூரி டல்லாஸிலிருந்து இடம்பெயர்ந்து ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. மாணவர்கள் கற்க முறையான போதனா மருத்துவமனை இல்லை. இங்கேயும் போர்க்கால அறிமுகங்களே கைகொடுத்தன. ஹூஸ்டனில் இருந்த கடற்படை மருத்துவமனை முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையாக மாறியபோது, அதைக் கல்லூரியோடு இணைத்துவிட்டார். முதுநிலைப் பயிற்சி அங்கே தொடங்கியது. பிறகு கல்லூரியின் தலைவர், வேந்தர் என்று அரை நூற்றாண்டு.

அறுவைகளில் மகாதமனிதான் அவர் களம். அதற்கு முன் நிலைமை என்ன என்று தெரிந்தால்தான் இதன் எடை புரியும். 1948-ல் ஐன்ஸ்டீனின் வயிற்று மகாதமனி வீங்கியிருந்தது; ருடால்ஃப் நிசென் செய்ய முடிந்தது அதைச் செல்லோஃபேன் தாளால் சுற்றுவது மட்டுமே. ஆறு வருடத்துக்கும் மேல் தாங்கியது. 1955-ல் வெடித்து ஐன்ஸ்டீன் இறந்தார். 1951-ல் பாரிஸில் சார்ல் டுபோஸ்ட் வீங்கிய பகுதியை வெட்டிவிட்டு, இறந்தவரின் தமனியை வைத்துத் தைத்தார். 1952-ல் நியூயார்க்கில் ஆர்தர் வூர்ஹீஸ் துணிக்குழாயைச் சோதித்தார். 1953-ல் டிபேக்கியும் அவருடைய சக சர்ஜன் டென்டன் கூலியும் மார்பு மகாதமனிக்குப் போனார்கள். அதே ஆண்டு கழுத்துத் தமனியைத் திறந்து அடைப்பை எடுத்துப் பக்கவாதத்தைத் தடுக்கும் அறுவை.

இறந்தவரின் தமனிக்கு எங்கே போவது? டிபேக்கி ஃபோலீஸ் என்ற பெரிய கடைக்குப் போய் நைலான் கேட்டாராம். தீர்ந்துவிட்டது, புதிதாக டாக்ரான் என்று ஒன்று வந்திருக்கிறது, பார்க்கிறீர்களா என்றார்களாம். சில கெஜம் வாங்கி வந்து, மனைவியின் தையல் மிஷினில் தானே குழாயாகத் தைத்தார். 1954-ல் அது ஒரு மனிதருடைய வயிற்றுக்குள் போனது. பிறகு தாமஸ் எட்மன் என்ற ஜவுளிப் பொறியாளர் குழாய்களைப் பின்னும் இயந்திரம் செய்து கொடுத்தார். அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். டாக்ரான் உடம்புக்குள் தாங்கியது, நைலான் நாளடைவில் வலுவிழப்பது என்று பின்னால்தான் தெரிந்தது.

நல்ல மனிதரா என்றால், அவரிடம் பயிற்சி பெற்றவர்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். தியேட்டரில் நெருப்பு. தீவிர சிகிச்சைப் பிரிவில் மாட்டிய ரெசிடென்ட் வாரக்கணக்கில் வீட்டைப் பார்க்க முடியாது. கூலியோடு ஏற்பட்ட பகை உலகமறிந்தது: 1969 ஏப்ரலில் டிபேக்கியின் ஆய்வகத்தில் உருவான செயற்கை இதயத்தை, அவருக்குத் தெரியாமல், கூலி ஒரு நோயாளிக்குப் பொருத்திவிட்டார். ஏறத்தாழ நாற்பது வருடம் பேச்சில்லை. 2007-ல்தான் கைகுலுக்கினார்கள். அந்த இதயம் பொருத்தப்பட்ட நோயாளி மூன்று நாட்களில் மாற்று இதயம் பெற்று, அடுத்த நாளே இறந்தும் போனார். பகையைப் பற்றிப் பேசும்போது அந்த ஆளை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

ஒன்று மட்டும் விட முடியாது. 2005 டிசம்பர் 31 அன்று, 97 வயதில், வீட்டில் தனியாக இருந்தபோது டிபேக்கிக்கு நெஞ்சில் பயங்கர வலி. மகாதமனியின் சுவர் பிளந்துகொள்வது. அந்த நோயை ஒன்று, இரண்டு, மூன்று என்று வகைப்படுத்தியதே அவர்தான். உங்கள் பாடநூலில் இன்றும் அது அவர் பெயரில் இருக்கிறது. அவருக்கு வந்தது இரண்டாம் வகை. முதலில் அறுவை வேண்டாம் என்றார். வாரக்கணக்கில் நிலைமை மோசமாகி நினைவு மங்கியபோது, செய்யலாமா கூடாதா என்று மருத்துவமனையின் அறநெறிக் குழு விவாதித்தது. அவர் மனைவி உள்ளே புகுந்து உடனே செய்யச் சொன்னார். 2006 பிப்ரவரியில், அவருடன் பல்லாண்டு வேலை பார்த்த ஜார்ஜ் நூன், சேதமான பகுதியை எடுத்துவிட்டு டாக்ரான் குழாய் வைத்தார். மாதக்கணக்கில் படுக்கை, பிறகு வீடு, பிறகு வேலை. செய்தது சரி என்று பின்னால் அவரே சொன்னார். 2008 ஜூலை 11-ல், நூறு வயதுக்கு இரண்டு மாதம் குறைய, இறந்தார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில், போர்வீரர்களோடு அடக்கம். 97 வயதுக்காரருக்கு, அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்த அறுவையைச் செய்தது சரியா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அது நான் கத்தி எடுத்த எந்த நாளிலும் எனக்கு நேராத சங்கடம். நேர்ந்திருந்தால் நான் செய்திருக்க மாட்டேன்.

நாளைக்குத் தியேட்டரில் ஸ்கரப் ஆகி நின்று, "சிஸ்டர், டிபேக்கி குடுங்க" என்று கை நீட்டும்போது, அவர் பெயரில் வழங்கும் அந்த ஃபோர்செப்ஸின், அதாவது இடுக்கியின், நுனியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒரு பக்கம் ஒரு வரிசை நுண்பற்கள், எதிர்ப்பக்கம் இரண்டு வரிசை. தமனியை நழுவவும் விடாது, நசுக்கவும் செய்யாது.

அப்புறம் பப்மெடில் டிபேக்கி, சிமியோன், 1946 என்று தேடுங்கள். அன்னல்ஸ் ஆஃப் சர்ஜரி இதழில் வந்தது, முழுக் கட்டுரையும் காசில்லாமல் திறக்கும். முதலில் அட்டவணையில் பாப்லிடியல் வரிசையைப் பாருங்கள். பிறகு அந்த 81 பேரைப் பற்றி எழுதியிருக்கும் பகுதியைப் படித்துவிட்டு, ஒரு பிரதி எடுத்து வகுப்பில் சொன்னவரிடம் கொடுங்கள். பணிவாகக் கொடுங்கள், பரீட்சைக்கு அவர்தானே வருவார்.